வில்பர் ரைட்: சிறகு தைத்த கைகள்

பத்தாம் வகுப்பு மாணவி

முன்னுரை

விமானத்தைக் கண்டுபிடித்தவர்கள் ரைட் சகோதரர்கள் என்பதை நாம் அனைவரும் சிறு வகுப்பிலேயே படித்துவிட்டோம். தேர்வில் ஒரு மதிப்பெண் வினாவுக்கு அந்த ஒரு வரி போதும். ஆனால் அந்த வரிக்குப் பின்னால் நான்கு ஆண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பு இருக்கிறது. ஒரு வீட்டுக் கூடத்தில் ஓடிய தையல் இயந்திரத்தின் ஓசையும் இருக்கிறது. விமானம் பறப்பது அதிலுள்ள இயந்திரத்தின் வலிமையால்தான் என்று பலர் எண்ணுகின்றனர். இயந்திரம் அதனை முன்னே இழுத்துச் செல்லும். மேலே தாங்கி நிற்பதோ சிறகு. அந்தச் சிறகை எப்படிச் செய்வது என்று தெரியாமல் அறிஞர்கள் பலர் திகைத்து நின்ற காலத்தில், கல்லூரி வாசலை மிதிக்காத ஒருவர் மரப்பட்டியும் துணியும் நூலும் ஊசியும் கொண்டு அதனைச் செய்து முடித்தார். அவரே அச்சகோதரர்களில் மூத்தவரான வில்பர் ரைட். அவருடைய வாழ்க்கையை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

இல்லமும் இளமையும்

வில்பர் ரைட் 1867-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள், அமெரிக்க நாட்டின் இண்டியானா மாநிலத்தில் மில்வில் என்னும் சிற்றூரின் அருகே பிறந்தார். தந்தை மில்டன் ரைட், ஐக்கிய சகோதரர் சபை என்னும் கிறிஸ்தவ சபையில் குருவாக இருந்து பின்னர் ஆயரானவர். சபைப் பணிக்காக அவர் அடிக்கடி வெளியூர்களுக்குச் செல்வார். எனவே குடும்பமும் ஊர் ஊராக மாற வேண்டியிருந்தது. இறுதியில் ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில், ஹாதார்ன் தெரு ஏழாம் எண் வீடே அவர்களுக்கு நிலையான இல்லமாயிற்று. வீட்டில் செல்வம் மிகுதியாக இல்லை. நூல்கள் மிகுதியாக இருந்தன. அவற்றை எடுத்துப் படிக்கப் பிள்ளைகளுக்குத் தடையும் இல்லை.

தாயார் சூசன் அம்மையார் வண்டி செய்யும் தச்சர் ஒருவரின் மகள். தந்தையின் பட்டறையில் கருவிகளைக் கையாளப் பழகியவர், கல்லூரியிலும் பயின்றவர். வீட்டில் ஏதேனும் உடைந்தால் அவரே சரிசெய்வார். பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்கு வண்டியையும் தம் கையாலேயே செய்து கொடுத்தார். ஆயராகிய தந்தைக்கோ ஓர் ஆணி அடிப்பதும் கடினம். ஆகவே வில்பரும் தம்பி ஆர்வில்லும் கைத்தொழிலைக் கற்றது தாயிடமிருந்துதான்.

1878-ஆம் ஆண்டில் ஒருநாள் ஊரிலிருந்து திரும்பிய தந்தை, ஒரு சிறு பொம்மையைப் பிள்ளைகளுக்காகக் கொண்டுவந்தார். மூங்கில், தக்கை, காகிதம் ஆகியவற்றால் ஆனது அது. ரப்பர் நாடாவை முறுக்கிவிட்டால் மேலே எழும்பிப் பறக்கும். பிரெஞ்சுக்காரரான பெனோ என்பவர் அமைத்த பொம்மை ஹெலிகாப்டர் அது. பிள்ளைகள் அதற்கு வௌவால் என்று பெயரிட்டனர். அது உடைந்ததும் அதைப் பார்த்து வேறு செய்தனர். அதைவிடப் பெரிதாகவும் செய்து பார்த்தனர். ஆனால் உருவம் பெரிதாகப் பெரிதாக அது பறக்க மறுத்தது. ஏன் என்ற கேள்விக்கு அப்போது வில்பருக்கு வயது பதினொன்று. விடை கிடைக்க அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

இருண்ட மூன்று ஆண்டுகள்

பள்ளியில் வில்பர் சிறந்த மாணவர், விளையாட்டிலும் வல்லவர். யேல் பல்கலைக்கழகத்திற்கு அவரை அனுப்பலாம் என்று பெற்றோர் பேசிக்கொண்டிருந்தனர். அந்த வேளையில், உறைந்த ஏரியின்மேல் நண்பர்களோடு பந்தாடியபோது ஒருவர் வீசிய மட்டை அவருடைய முகத்தில் பட்டது. முன்பற்கள் உடைந்தன. காயம் ஆறிய பின்னும் மனம் ஆறவில்லை. இதயத்தில் நோய் உண்டோ என்று அஞ்சினார். மேற்படிப்புப் பேச்சும் அத்துடன் நின்றது. கலகலப்பான இளைஞர் வீட்டுக்குள் அடங்கிவிட்டார்.

அதே காலத்தில் தாயார் காசநோயால் படுத்த படுக்கையானார். தந்தையோ பெரும்பாலும் வெளியூரில். தம்பியும் தங்கையும் பள்ளியில். எனவே வில்பர் தாயின் பணிவிடையை ஏற்றுக்கொண்டார். காலையில் தாயைக் கைகளில் ஏந்தி மாடியிலிருந்து கீழே கொண்டுவருவார். இரவில் மீண்டும் மேலே கொண்டு செல்வார். இடைப்பட்ட நேரத்தில் தந்தையின் நூல்களைப் படிப்பார். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. 1889-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் தாயார் இறைவனடி சேர்ந்தார்.

இளைஞன் ஒருவன் வேலையுமின்றிப் படிப்புமின்றி வீட்டில் இருக்கிறானே என்று வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது வீணான காலமாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் பொறுமையையும், ஒரே பணியில் நாள்தோறும் நிலைத்திருக்கும் பழக்கத்தையும் அவர் பெற்றது அந்த நோயாளியின் அறையில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பொறுமை இல்லாமல் பின்னாளில் அவர் செய்த வேலையைச் செய்திருக்க முடியாது.

சைக்கிள் கடையில் பிறந்த எண்ணம்

தாயின் மறைவுக்குப் பின் வில்பர் ஆர்வில்லுடன் சேர்ந்து அச்சகம் நடத்தினார். 1892-இல் சைக்கிள் கடை திறந்தனர். முதலில் விற்பனையும் பழுதுபார்த்தலும். 1896 முதல் தாங்களே சைக்கிள் செய்து விற்றனர்.

அந்த 1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஜெர்மனி நாட்டு ஆட்டோ லிலியந்தால் மறைந்தார். பறவைகளை ஆராய்ந்து, மரக்கொம்பும் பருத்தித் துணியும் கொண்டு சிறகுகள் செய்து, குன்றுகளிலிருந்து ஏறத்தாழ இரண்டாயிரம் முறை சறுக்கிப் பறந்தவர் அவர். ஒருநாள் காற்றில் நிலைகுலைந்து கீழே விழுந்து, மறுநாள் உயிர்நீத்தார். அச்செய்தி வந்த சமயம், ஆர்வில் நச்சுக்காய்ச்சலான டைபாய்டினால் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். வில்பரும் தங்கை காதரீனும் இரவு பகலாக அவரைக் காத்தனர். நோயுற்ற தம்பியின் அருகிலிருந்த அந்நாட்களில்தான் பறத்தல் பற்றிய பழைய ஆசை வில்பரின் மனத்தில் மீண்டும் துளிர்த்தது.

1899-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்திற்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். பறத்தல் பற்றி வெளிவந்துள்ள நூல்களின் விவரத்தைக் கேட்டிருந்தார். வந்தவற்றை எல்லாம் படித்தார். முன்னோர் பலர் தோற்றதற்கு ஒரு காரணம் அவருக்குத் தெளிவாகப் புலப்பட்டது. மேலே எழும்ப வேண்டும் என்று எண்ணியவர்கள் பலர். மேலே சென்றபின் சாயாமல் நிலைநிற்பது எப்படி என்று எண்ணியவர்கள் மிகச் சிலர். சைக்கிள் ஓட்டத் தெரிந்தவருக்கு அது விளங்கும். சைக்கிள் தானாக நிற்பதில்லை; ஓட்டுபவர் அல்லவா நொடிக்கு நொடி அதனை நிலைநிறுத்துகிறார்!

பறவைகள் சிறகின் நுனியைத் திருப்பித் தம்மைச் சமன் செய்துகொள்வதை வில்பர் உற்றுநோக்கினார். ஒருநாள் கடையில், சைக்கிள் டியூப் வந்த நீண்ட அட்டைப்பெட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வாடிக்கையாளருடன் பேசிக்கொண்டிருந்தார். விரல்கள் தாமாகவே பெட்டியின் இரு முனைகளையும் எதிரெதிராக முறுக்கின. அதைக் கண்டதும் அவருக்கு ஓர் எண்ணம் பளிச்சிட்டது. ஒன்றன்மேல் ஒன்றாக இரு சிறகுகளை அமைத்து, அவற்றையும் இவ்வாறு முறுக்கினால், ஒருபக்கம் உயரும், மறுபக்கம் தாழும்; விமானத்தைச் சமன் செய்யலாம்! அந்தக் கோடையிலேயே ஐந்தடி அகலமுள்ள பட்டம் ஒன்றைச் செய்து, கயிறுகளால் முறுக்கிப் பார்த்தார். எண்ணியபடியே நடந்தது.

முதற் சிறகு

பலமான காற்றும் மணற்பாங்கான நிலமும் உள்ள இடமாக வட கரோலினா மாநிலக் கடற்கரையில் கிட்டி ஹாக் என்னும் சிற்றூரை வில்பர் தேர்ந்தெடுத்தார். 1900-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் முதலில் தனியே புறப்பட்டார். கடைசிக் கட்டப் பயணம் ஓட்டைப் படகு ஒன்றில். நடுவே புயலும் சேர்ந்துகொண்டது. படகின் அசுத்தத்தைக் கண்டு அங்கே சமைத்த உணவை உண்ண அவருக்கு மனம் வரவில்லை. தங்கை காதரீன் பெட்டியில் வைத்தனுப்பிய ஒரு புட்டி ஜாம்தான் அந்த இரண்டு நாட்களும் அவர் பசியை ஆற்றியது.

சிறகின் அமைப்பை இங்கே சற்று விளக்க வேண்டும். சிறகின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை செல்லும் நீண்ட மரச்சட்டங்கள் அதன் முதுகெலும்பு போன்றவை. அவற்றின் குறுக்கே, முன்னிருந்து பின்னாக, வளைந்த மெல்லிய பட்டிகள் வரிசையாக நிற்கும். இவை விலா எலும்புகள். இவற்றின்மீது துணி போர்த்தப்படும். விலாக்களின் வளைவே சிறகின் வளைவு. அந்த வளைவின்மேல் காற்று பாயும்போதுதான் தூக்குவிசை உண்டாகிறது. விலாக்களை ஆஷ் மரத்திலிருந்து சீவி, நீராவியில் வளைத்து, டேட்டனிலேயே செய்து எடுத்துச் சென்றிருந்தார் வில்பர். துணியையும் அளவாக வெட்டித் தைத்திருந்தார்.

நீண்ட சட்டங்களை மட்டும் வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணியிருந்தார். பதினெட்டு அடி ஸ்ப்ரூஸ் மரம் வேண்டும். எங்குத் தேடியும் கிடைக்கவில்லை. கிடைத்தது பதினாறு அடி பைன் மரம்தான். சட்டம் குறைந்தால் துணியும் குறைய வேண்டுமே! கிட்டி ஹாக்கில் அவருக்கு இடமளித்த டேட் குடும்பத்தினரிடம் ஒரு தையல் இயந்திரம் இருந்தது. வில்பர் திருமதி டேட்டிடம் அதைக் கேட்டுப் பெற்று, நடுவில் துணியை வெட்டியெடுத்து, மீண்டும் இணைத்துத் தைத்தார். கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்த நகரத்து மனிதர் ஒருவர் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பதை அவ்வூரார் வியப்புடன் பார்த்திருப்பார்கள்!

அந்தத் தையலில் ஒரு நுட்பம் உண்டு. துணியை நூலோட்டத்தில் நேராகப் போர்த்தாமல், மூலைவாட்டாக இருக்கும்படி அவர் போர்த்தினார். தையல் வகுப்பில் நாம் கிராஸ் என்று சொல்லும் அதே முறை. நேர்நூலில் வெட்டிய துணியை மூலைக்கு மூலை இழுத்தால் நெகிழும் அல்லவா? நூல்களே மூலைவாட்டில் ஓடினால், சட்டம் கோணாதபடி அவை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தனியாகக் குறுக்குக் கம்பிகள் தேவையில்லை. எடையும் குறையும். விலாக்களை ஆணியால் அறையாமல், துணியிலேயே ஒவ்வொரு விலாவுக்கும் ஒரு நீண்ட பை தைத்து அதில் செருகினார். அதனால் சிறகு முறுக்கும்போது துணி கிழியவில்லை. விமானம் முழுவதற்கும் ஆன செலவு ஏறத்தாழ 15 டாலர்.

அந்த ஆண்டு மனிதரைத் தாங்கி அது பறந்த நேரமெல்லாம் சேர்ந்தே சுமார் இரண்டு நிமிடங்கள்தான். பருவம் முடிந்ததும் சகோதரர்கள் அதனை அங்கேயே விட்டுவிட்டு ஊர் திரும்பினர். திருமதி டேட் அந்தப் பட்டுப்போன்ற சாட்டின் துணியை வீணாக்காமல் எடுத்துத் தம் இரு பெண் குழந்தைகளுக்கும் கவுன் தைத்துவிட்டார்! சிறகின் துணியை உடுத்திய அக்குழந்தைகள் பேறு பெற்றவர்களே.

பழைய எண்ணும் புதிய சோதனையும்

1901-இல் இருபத்திரண்டு அடி நீளச் சிறகுடன் மீண்டும் சென்றனர். லிலியந்தால் வெளியிட்ட அட்டவணையை வைத்துக் கணக்கிட்டு அதனைச் செய்திருந்தனர். ஆனால் கிடைத்த தூக்குவிசை கணக்கில் வந்ததில் மூன்றில் ஒரு பங்கு அளவே. கொசுக்கூட்டம் ஒருபுறம், மழை ஒருபுறம். விமானம் சொன்னபடி கேட்கவுமில்லை. தம் வாழ்நாளில் மனிதன் பறக்கப் போவதில்லை என்று திரும்பி வரும் வழியில் வில்பர் தம்பியிடம் மனமுடைந்து கூறினார்.

அந்நேரம் சிகாகோ நகரப் பொறியாளர் சங்கத்தில் பேசுமாறு, அவர்களின் நண்பரும் முதுபெரும் பொறியாளருமான ஆக்டேவ் ஷனூட் அழைத்தார். வில்பர் தயங்கினார். காதரீன் விடவில்லை, போகத்தான் வேண்டும் என்று வற்புறுத்தி இசையவைத்தார். நல்ல சட்டையும் மேலங்கியும் தம்பி ஆர்வில்லிடம்தான் இருந்தன. அவற்றை இரவல் வாங்கி அணிந்துகொண்டு வில்பர் சென்று பேசினார். தங்கையின் அந்தச் சிறு வற்புறுத்தல் இல்லாவிட்டால், அவர் அந்த இலையுதிர்காலத்தில் மீண்டும் தலைநிமிர்ந்திருப்பாரோ என்னவோ!

தவறு எங்கே என்று இப்போது அவர் எண்ணத் தொடங்கினார். இங்கேதான் அவருடைய துணிவை நாம் காண்கிறோம். அட்டவணையை எழுதியவர் உலகம் போற்றும் லிலியந்தால். அதற்காக உயிரையே கொடுத்தவர். கணக்கில் பயன்படுத்திய காற்றழுத்த எண்ணோ, 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் பொறியாளர் ஸ்மீட்டன் தந்தது. ஏறத்தாழ 140 ஆண்டுகளாக எல்லாரும் ஏற்றுக்கொண்ட எண். இவரோ ஒரு சைக்கிள் கடைக்காரர். பெரியவர்கள் சொன்னது சரியாகத்தான் இருக்கும், நம் வேலைதான் தவறு என்று அவர் இருந்திருக்கலாம். அல்லது அவர்களைப் பழித்துப் பேசியிருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. தாமே அளந்து பார்ப்போம் என்று முடிவு செய்தார்.

முதலில் கஞ்சிமாவு வந்த ஒரு பழைய பெட்டியில் காற்றைச் செலுத்திப் பார்த்தனர். பின்னர் ஆறடி நீளமும் பதினாறு அங்குலச் சதுர வாயும் உள்ள மரப்பெட்டி ஒன்றைச் செய்தனர். ஒரு முனையில் விசிறி. மேலே உள்ளே பார்க்க ஒரு கண்ணாடி. இரும்புத் தகட்டை வெட்டிக் கைவிரல் அளவே உள்ள சின்னஞ்சிறு சிறகுகளைச் செய்தனர். இரம்பத்தின் அலகையும் சைக்கிள் ஆரக்கம்பியையும் கொண்டு தராசு செய்து அவற்றின் தூக்குவிசையை அளந்தனர். நீண்டவை, குட்டையானவை, மிகுதியாக வளைந்தவை, சற்றே வளைந்தவை என்று ஏறக்குறைய 200 வடிவங்கள். 1901-ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள் முழுவதும் இதே வேலை. பெட்டியின் அருகே யாரும் இடம் மாறி நின்றால்கூடக் காற்றோட்டம் மாறிவிடும் என்று அசையாமல் நின்று அளந்தனர்.

விடை கிடைத்தது. ஸ்மீட்டனின் எண் 0.005 அன்று, ஏறத்தாழ 0.0033 என்பதே சரி. லிலியந்தாலின் அட்டவணையில் பெரிய பிழை இல்லை. அவர் அளந்த சிறகின் வடிவம் வேறு, இவர்கள் செய்த சிறகின் வடிவம் வேறு. குறுகி நீண்ட சிறகே அதிகம் தாங்கும் என்பதும் தெரிந்தது. தமக்கு முன் சென்றவர்மீது பழி போடாமல், பிழை எங்கு உள்ளதோ அங்கு மட்டும் அதைச் சுட்டிய நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. லிலியந்தாலை வில்பர் தம் வாழ்நாள் முழுவதும் மதித்தார்.

இல்லமே பட்டறை

1902-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஹாதார்ன் தெரு வீட்டின் கீழ்த்தளம் முழுவதும் வெண்துணி பரந்து கிடந்தது. வில்பர் மணிக்கணக்கில் தையல் இயந்திரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தார். ஆர்வில் தரையில் குந்தியபடி, எங்கெங்கே தைக்க வேண்டும் என்று குறியிட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் குடியிருக்கவே இடமில்லை என்று காதரீன் தந்தைக்குக் கடிதத்தில் வேடிக்கையாக எழுதினார். லத்தீன் கற்பிக்கும் ஆசிரியையான அவர் இதற்காகச் சலித்துக்கொண்டாரே தவிரத் தடுக்கவில்லை.

தையல் என்றால் பெண்களின் வேலை என்று சிலர் ஏளனம் செய்வதுண்டு. உலகின் முதல் விமானத்தின் சிறகு ஆண்கள் இருவர் வீட்டில் உட்கார்ந்து தைத்தது என்பதை அவர்களுக்கு நாம் கூறலாம்!

தங்கள் சொந்த அளவுகளைக்கொண்டு செய்த அந்தச் சிறகின் நீளம் முப்பத்திரண்டு அடி, அகலம் ஐந்தடி. அந்த ஆண்டு கிட்டி ஹாக் அருகிலுள்ள கில் டெவில் மணற்குன்றுகளில் 700 முதல் 1000 முறை வரை சறுக்கிப் பறந்தனர். மிக நீண்ட பறப்பு 622 அடிக்கு மேல். சிறகு கணக்கின்படி தாங்கியது. பின்புறச் சுக்கானை அசையும்படி மாற்ற வேண்டும் என்று ஆர்வில் கூற, அதனைச் சிறகு முறுக்கும் கயிற்றோடு இணைத்துவிடலாம் என்று வில்பர் கூறினார். அண்ணனும் தம்பியும் எதையும் காரசாரமாக வாதிட்டே முடிவு செய்வர். வாதம் முடிந்தபின் மனத்தில் ஒன்றும் வைத்துக்கொள்வதில்லை.

வெற்றி நாள்

இனி இயந்திரம் ஒன்றே தேவை. கடையில் வேலை செய்த சார்லி டெய்லர் என்னும் திறமையான தொழிலாளி, ஏறத்தாழ ஆறு வாரங்களில் 12 குதிரைத்திறன் கொண்ட இயந்திரத்தைச் செய்து கொடுத்தார். சுழலும் விசிறிகளையும் சகோதரர்கள் தாங்களே மரத்தில் செதுக்கினர். விசிறியும் ஒரு சிறகுதான், சுழலும் சிறகு என்று அவர்கள் கண்டுகொண்டதால், பெட்டியில் அளந்த அதே எண்கள் அதற்கும் பயன்பட்டன. 1903-ஆம் ஆண்டு விமானத்தின் சிறகு நாற்பதடி நான்கு அங்குலம். ஸ்ப்ரூஸ், ஆஷ் மரங்கள். மேலும் கீழும் சாதாரண மஸ்லின் துணி. விமானியைவிட இயந்திரம் கனமானது; அது வலப்புறம் இருந்ததால் வலச் சிறகை நான்கு அங்குலம் நீளமாக வைத்தனர். அவ்வளவு நுணுக்கம்!

டிசம்பர் 13-ஆம் நாள் வானிலை நன்றாக இருந்தது. ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை. ஓய்வுநாளில் பறப்பதில்லை என்பது தந்தையின் வழியில் அவர்கள் கடைப்பிடித்த ஒழுங்கு. எனவே காத்திருந்தனர். மறுநாள் காசைச் சுண்டிப் பார்த்ததில் வில்பருக்கு முதல் வாய்ப்பு வந்தது. விமானம் செங்குத்தாக எழும்பிக் கீழே விழுந்து சிறிது உடைந்தது. பழுது பார்த்து, டிசம்பர் 17-ஆம் நாள் காலை கடுங்குளிர்க் காற்றில் மீண்டும் வெளியே கொண்டுவந்தனர். இம்முறை ஆர்வில்லின் முறை. 12 நொடிகள், 120 அடி! மனிதர் ஏறி, இயந்திர ஆற்றலால், கட்டுப்பாட்டுடன் நிகழ்ந்த முதல் பறப்பு அது. வில்பர் சிறகின் நுனியைப் பிடித்தபடி கூடவே ஓடினார். அன்று நான்காவது முறை வில்பர் ஏறி, 59 நொடிகளில் 852 அடி பறந்தார். அதன்பின் வீசிய பெருங்காற்று நின்றிருந்த விமானத்தை உருட்டி உடைத்துவிட்டது. சகோதரர்கள் கலங்கவில்லை. தந்தைக்குத் தந்தி அடித்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கு வீடு போய்ச் சேர்ந்தனர்.

உடைந்த சிறகை மீண்டும் தைத்தவர்

அடுத்த இரண்டு ஆண்டுகள் டேட்டன் அருகே ஒரு மேய்ச்சல் நிலத்தில் பயிற்சி. 1905 அக்டோபர் 5-ஆம் நாள் வில்பர் 39 நிமிடங்கள் வட்டமிட்டு 24 மைல் பறந்தார். ஆயினும் உலகம் எளிதில் நம்பவில்லை. பொய்யர் என்று ஐரோப்பாவில் சிலர் எழுதவும் செய்தனர்.

1908-இல் விமானத்தைப் பறந்து காட்ட வில்பர் பிரான்சு நாட்டிற்குச் சென்றார். லெ மான் நகரில் பெட்டிகளைத் திறந்தபோது அவருக்குப் பேரதிர்ச்சி. விலாக்கள் பல ஒடிந்து, துணி கிழிந்து, எல்லாம் சிதைந்து கிடந்தன. தம்பி சரியாகக் கட்டவில்லை என்று கோபித்துக் கடிதம் எழுதினார். சுங்கச் சோதனையின்போது பெட்டியைப் பிரித்தவர்களே காரணம் என்று பின்னர்த் தெரிந்தது. உதவிக்கு வந்தவர்களுக்கு அவர் மொழி தெரியாது. அந்த வேலையும் தெரியாது. ஆகவே வாரக்கணக்கில் தாமே விலாக்களைச் செய்து, துணியைத் தைத்து, கம்பிகளை இழுத்துக் கட்டினார். நடுவில் இயந்திரத்தின் வெந்நீர்க் குழாய் விடுபட்டுக் கையையும் மார்பையும் சுட்டது. ஏன் தாமதம் என்று நாளிதழ்கள் கேலி செய்தன. அவர் பதில் கூறவில்லை. விமானக் கொட்டகையிலேயே படுத்துறங்கி வேலையைத் தொடர்ந்தார்.

ஆகஸ்டு 8-ஆம் நாள் மாலை, கூடியிருந்தோர் முன் விமானம் எழும்பிற்று. பறவைபோலச் சாய்ந்து திரும்பி, இரு வட்டமிட்டு, மெல்ல இறங்கிற்று. ஒரு நிமிடம் நாற்பத்தைந்து நொடிகள்தான். ஆனால் கேலி செய்தவர்களே கைதட்டி ஆர்ப்பரித்தனர்; தவறாக எழுதியதற்கு வருந்தினர். அவருடைய கைத்தையலே அவர்களுக்கு விடை கூறிவிட்டது.

அடுத்த மாதமே துயரம் ஒன்று நேர்ந்தது. அமெரிக்காவில் ஆர்வில் ஓட்டிய விமானம் விழுந்து, உடன் சென்ற செல்ஃப்ரிட்ஜ் என்னும் இளம் இராணுவ அதிகாரி உயிரிழந்தார். ஆர்வில் கடுங்காயமுற்றார். செய்தி கேட்டவுடன் காதரீன் பள்ளியில் விடுப்புப் பெற்றுச் சென்று, மருத்துவமனையில் அண்ணனின் படுக்கை அருகே வாரக்கணக்கில் இருந்து பேணினார். மீண்டும் அவர் ஆசிரியப் பணிக்குத் திரும்பவேயில்லை. ரைட் சகோதரர்கள் என்று நாம் கூறும்போது இச்சகோதரியையும் நினைத்துக்கொள்வது நன்று.

மறைவு

பிரான்சில் 1908-ஆம் ஆண்டின் கடைசி நாளில் வில்பர் இரண்டு மணி நேரத்திற்கு மேல் பறந்து பரிசு பெற்றார். 1909-இல் நியூயார்க் நகரில் சுதந்திரதேவி சிலையைச் சுற்றிப் பறந்தார். தண்ணீரில் இறங்க நேர்ந்தால் மிதப்பதற்காக விமானத்தின் அடியில் ஒரு தோணியையும் கட்டியிருந்தார். மன்னர்கள் அவரைக் காண வந்தனர். அவரோ என்றும்போல் எளிய உடையும் சில சொற்களுமாகவே இருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் கண்டுபிடிப்பின் உரிமை பற்றிய வழக்குகள் அவருடைய இறுதி ஆண்டுகளை விழுங்கின. புதிய சிறகுகளை எண்ண வேண்டிய நேரம் வழக்குத் தாள்களில் கழிந்தது வருந்தத்தக்கது.

1912-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், தம் நாற்பத்தைந்தாம் வயதில், டைபாய்டு காய்ச்சலால் வில்பர் டேட்டன் இல்லத்தில் காலமானார். ஒருகாலத்தில் தம்பியைப் பற்றிய அதே நோய். தம்பி பிழைத்தார், அண்ணன் பிழைக்கவில்லை. பறத்தல் பற்றிய நூல்களைக் கேட்டு அவர் கடிதம் எழுதிய நாளிலிருந்து சரியாகப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

முடிவுரை

இன்றும் பல நாடுகளில் ஆர்வமுள்ளவர்கள் உதிரிப்பாகங்களை வாங்கித் தங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே சிறு விமானம் செய்கின்றனர். உலோகமும் புதுவகைத் துணியும் வந்துவிட்டாலும், நீண்ட சட்டம், அதன் குறுக்கே விலாக்கள், அவற்றின்மேல் போர்வை என்ற ஒழுங்கைப் பல சிறகுகளில் இன்றும் காணலாம். ஒரு விலா கோணினாலும் சிறகு கோணும். யாரும் பார்க்காத உள்பகுதியையும் நேர்மையாகச் செய்தால்தான் அது உயிரைத் தாங்கும்.

1969 ஜூலையில் நீல் ஆம்ஸ்ட்ராங் சந்திரனுக்குச் சென்றபோது, 1903-ஆம் ஆண்டு விமானச் சிறகின் மஸ்லின் துணியில் ஒரு துண்டு உடன் சென்றது. 2021 ஏப்ரல் 19-ஆம் நாள் செவ்வாய்க் கோளில் ஒரு சிறு ஹெலிகாப்டர் முதன்முதலாகப் பறந்தது. தபால்தலை அளவுள்ள இன்னொரு துண்டு அதிலும் கட்டப்பட்டிருந்தது. தந்தை வாங்கி வந்த பொம்மை ஹெலிகாப்டரை ஆவலோடு பார்த்த அச்சிறுவனின் கை தொட்ட துணி, வேறோர் உலகில் ஒரு ஹெலிகாப்டரோடு பறந்துவிட்டது.

அன்புத் தோழியரே! வில்பரின் படிப்பு தடைப்பட்டது. ஆனால் அவர் கற்பதை நிறுத்தவில்லை. நோயுற்ற தாய்க்குச் செய்த பணிவிடை அவர் வாழ்வில் வீணாகவில்லை. பெரியோர் சொன்னதை மதித்தார். ஆயினும் தாமே சோதித்த பிறகே அதனை நம்பினார். நமக்கும் வீட்டு வேலையோ, நோயோ, தோல்வியோ இடையில் வந்து, வாழ்க்கை பின்தங்கிவிட்டதாகத் தோன்றும் நாட்கள் வரலாம். அந்நாட்களிலும் கைகளைச் சோம்பவிடாமல், ஒவ்வொரு தையலாக நம் சிறகை நாம் தைத்துக்கொண்டிருப்போம். காற்று வீசும் நாள் வரும்போது அது நம்மைத் தாங்கும்.